கொடியில் காய்ந்த முகம்

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், அம்மி பறந்து இதுவரை யாரும் பார்த்ததில்லை, ஆனால் கோயம்புத்தூர் காந்திபுரத்துச் சந்து ஒன்றில் இருக்கிற தையல்நாயகி மகளிர் விடுதியின் மொட்டைமாடிக் கொடிக்கு வருஷாவருஷம் ஆடி மாதத்தில் அக்கம்பக்கத்துப் பாவாடைகளும் துண்டுகளும் தலையணை உறைகளும், ஒருமுறை ஒரு போலீஸ்காரருடைய காக்கிக் கால்சட்டையும் பறந்து வந்து மாட்டிக்கொண்டதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அப்படி வந்தவற்றுக்கென்று அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கிளிப் போட்டு ஓரக்கொடியில் மூன்று நாள் தொங்கவிடுவது, தேடிக்கொண்டு யாராவது வந்தால் கொடுத்துவிடுவது, வராவிட்டால் நாலாம் நாளிலிருந்து அது விடுதிக்குப் பொது. அதனால் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கொடியில் ஒரு முகம் வந்து மாட்டியிருந்தபோது, வார்டன் மயிலாத்தாள் அதற்கும் இரண்டு கிளிப்பைப் போட்டு ஓரக்கொடிக்கு மாற்றிவிட்டு, தண்ணீர் மோட்டாரைப் போடக் கீழே இறங்கிப் போனார்.

பெண்ணின் முகம். கண் மூடியிருந்தது. மணமகள் தேவை விளம்பரத்தில் கேட்கிறார்களே, அந்த நிறம். மூக்கு அளவாக, பல் வரிசையாக, நெற்றி சுருக்கமில்லாமல். பேரழகி என்று சொல்லிவிட முடியாது, ஆனால் பார்த்த மாத்திரத்தில், அட, இந்தப் பெண்ணை எங்கேயோ பார்த்திருக்கிறோமே, நல்ல பெண்ணாச்சே என்று நினைக்க வைக்கிற முகம். மூன்று நாள் அது காற்றில் ஆடிக்கொண்டே இருந்தது. மயிலாத்தாள் இஸ்திரி வண்டிக்காரரிடமும் முனை பேக்கரியிலும் எதிர்வீட்டு டீச்சரிடமும், "ஏனுங்க, உங்கூட்ல ஆருக்காச்சும் முகம் காணாமப் போச்சுங்களா?" என்று விசாரித்துப் பார்த்தார். டீச்சர் போய்க் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வந்து, இல்லை, எங்களுடையது இருக்கிறது என்றார். நாலாம் நாள் முகம் விடுதிக்குப் பொதுவானது.

"தூக்கி எறியவும் மனசு வரலீங்க கண்ணுகளா, என்ன இருந்தாலும் மூஞ்சியாச்சே" என்றார் மயிலாத்தாள், காலை இட்லிக்கு வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்து. "ஆருக்கு வேணும்னாலும் எடுத்துக்கோங்க. ஆனா எடுத்தாப்பல கொண்டாந்து வெச்சுப்போடோணும், ஆமா."

அந்த விடுதியில் ஏற்கெனவே இரண்டாம் மாடி ஆணியில் ஒரு வெளிர்நீலச் சுடிதாரும், அதற்குக் கீழே ஒரு ஜோடிக் கறுப்புச் செருப்பும், ஒரு தோல் ஃபைலும் உண்டு. எல்லாம் இண்டர்வியூவுக்கென்று பொதுவாக வைத்தவை. குட்டையானவள் போட்டால் மடித்துத் தைத்துக்கொள்வாள், நெட்டையானவள் போட்டால் பிரித்துவிட்டுக்கொள்வாள். முகத்துக்கும் பக்கத்திலேயே ஒரு ஆணி அடித்தார்கள். ஆள் பாதி ஆடை பாதி என்றால், ஆடையை இரவல் வாங்கலாம், மீதிப் பாதியை வாங்கக் கூடாதா என்ன?

முதலில் எடுத்துப் போனவள் மேட்டுப்பாளையத்துச் சௌடேஸ்வரி. கணக்கில் சூரப்புலி, ஆனால் தாடையில் ரூபாய்க்காசு அளவுக்கு முடி முளைத்த மச்சம் ஒன்று இருந்தது, இண்டர்வியூவில் கேள்வி கேட்கிறவர்கள் எல்லாம் அந்த மச்சத்தைப் பார்த்தே கேட்டார்கள், அதுவும் பதில் சொல்லவில்லை. முகத்தைத் தலையணைக்கு உறை போடுகிற மாதிரி மாட்டினாள், அது அவளுக்கென்றே தைத்தது போல் உட்கார்ந்துகொண்டது. ஒரே வாரத்தில் நாலு இண்டர்வியூ, நாலிலும் ஆர்டர். பிடித்த ஒன்றில் சேர்ந்து, விடுதியைக் காலி செய்துகொண்டு திருப்பூருக்குப் போய்விட்டாள்.

வேலைக்குச் சேருகிற அன்று மட்டும் என்ன செய்வாள் என்றுதான் விடுதியில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவள் சொந்த முகத்தோடு, சாமியெல்லாம் கும்பிட்டுக்கொண்டு போனாள். போனால், தேர்ந்தெடுத்த அதே ஆட்கள் எதிரில் வந்து, "குட் மார்னிங்மா, அந்த மூணாவது சிஸ்டத்தை ஆன் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்களாம். ஐடி கார்டில் வேறொரு முகம் இருப்பதைக் காவலாளிகூடக் கேட்கவில்லை. ஆதார் கார்டில் இருக்கிற மூஞ்சி யாருக்குத்தான் பொருந்துகிறது? சௌடேஸ்வரி போனில் இதைச் சொன்னபோது, ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த பதினெட்டுப் பெண்களும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். முகம் வேண்டியது உள்ளே நுழைவதற்கு மட்டும்தான், உட்கார்ந்த பிறகு யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அதற்கப்புறம் கேட்க வேண்டுமா! மயிலாத்தாள் ஒரு நோட்டுப் போட்டார். பெயர், தேதி, எடுத்த நேரம், வைத்த நேரம், கையெழுத்து என்று கோடு கிழித்தார். சாயங்காலம் ஆறு மணிக்குள் திரும்ப வந்தாக வேண்டும். கடலைமாவு போட்டுத்தான் அலச வேண்டும், சோப்பு ஆகாது. வெயிலில் காயப்போடக் கூடாது, கறுத்துவிடும். போட்டுக்கொண்டு குழம்பு ஊற்றிச் சாப்பிடக் கூடாது. உடுமலைப்பேட்டைப் பெண் ஒருத்தி, ஞாயிற்றுக்கிழமை தன்னைப் பெண் பார்க்க வருகிறார்கள், அன்றைக்கு மட்டும் கொடுங்கள் அக்கா என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியபோது மட்டும் மயிலாத்தாள் மறுத்துவிட்டார். "அதுக்கு மட்டும் தர மாட்டேன் கண்ணு. வேலையின்னா எட்டு மணி நேரம், வந்து கழட்டிப்போடலாம். அது அப்படியா?" என்றார். அந்தப் பெண்ணும் யோசித்துப் பார்த்து, சரிதான் என்று போய்விட்டாள். எல்லாவற்றையும் இப்படி யோசித்து யோசித்துக் கோடு கிழித்த மயிலாத்தாள், எந்தக் கம்பெனிக்கு முகம் போகிறது என்று எழுத மட்டும் ஒரு கட்டம் போடாமல் விட்டுவிட்டார். இஸ்திரிப் பெட்டியும் வாளியும் எங்கே போகின்றன என்று எழுதிப் பழக்கமில்லாத விடுதி அது, ஆகவே யாருக்கும் அது குறையாகப் படவில்லை.

அந்த நோட்டில் ஒரு மாதமாகப் பெயர் எழுதாமல் இருந்தவள் இசக்கிச்செல்வி ஒருத்திதான். விளாத்திகுளத்துப் பக்கத்துக்காரி, அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார், பள்ளிக்கூட லீவெல்லாம் அந்தக் கடையில் உட்கார்ந்தே வளர்ந்தவள், பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் படித்து நல்ல மார்க்கில் தேறியவள். அவளுக்கு எத்துப்பல். மேல்வரிசையில் நாலு பல் உதட்டைத் தாண்டி வெளியே நிற்கும், அதனால் வாய் மூடாது, அதனால் இழவு வீட்டுக்குப் போனாலும் சிரித்துக்கொண்டே போகிற மாதிரி இருக்கும். ஊரில் எல்லோருக்கும் அது தெரியும், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். ஆனால் இண்டர்வியூ அறையில், மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தன் கம்பெனியின் பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்து, பாதியில் நிறுத்தி, "என்னம்மா சிரிப்பு?" என்று கேட்பார். சிரிக்கவில்லை சார் என்றால் பொய்யும் சொல்கிறாள் என்று ஆகிவிடும். பேசாமல் இருந்தால் திமிர். இப்படிப் பதினோரு இண்டர்வியூ போயிற்று.

அதில் அவளுக்கு மறக்க முடியாதது கணபதி என்கிற பகுதியில் இருக்கிற ஒரு பம்பு கம்பெனி. மோட்டார்களை ஓட்டிப் பார்த்துக் கோளாறு சொல்கிற டெஸ்டிங் பிரிவுக்கு வருஷத்துக்கு ஒருமுறை பயிற்சிக்கு ஆள் எடுப்பார்கள், படித்து முடித்து மூன்று வருஷத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் போனாள். பர்சனல் மேனேஜர் சீதாபதி எழுதியதை அவள் எதிரில் உட்கார்ந்தபடி தலைகீழாகவே படித்துவிட்டாள்: 'நடத்தை சரியில்லை. சிரிக்கிறார்.' போன வருஷம் கூப்பிடவேயில்லை. இந்த வருஷம் ஆவணி நாலாம் தேதி வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது, இதோடு மூன்று வருஷமும் முடிகிறது, இதை விட்டால் அந்தக் கேட் அவளுக்கு இனிமேல் திறக்காது. மற்ற வேலை எதுவும் கிடைக்காதா என்றால் கிடைக்கும்தான், ஆனால் அவளுக்கு வேண்டியது அந்த வேலை. மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டால்தான் அவளுக்கு மனசு நிம்மதியாக இருக்கும். சிலருக்குக் கடல் சத்தம், சிலருக்குக் கோயில் மணி, இவளுக்கு இது.

கடிதம் வந்த அன்று மத்தியானம், முகத்துக்கு வேலையில்லாத நேரமாகப் பார்த்து, ஒத்திகைக்கு என்று சொல்லி எடுத்து மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். வாய் மூடியது. பிறந்ததிலிருந்து முதல்முறையாக உதடும் உதடும் சேர்ந்தபோது அவளுக்கு ஏதோ கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. டீக்கடையில் நாலு பேருக்கு முன்னால் அவளுக்கு டீ வந்தது. பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை கேட்கவில்லை. ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். நடுவழியில் ஒருவர் வண்டியை நிறுத்தி, வழி கேட்கிற சாக்கில், நீங்கள் இன்னார் பெண்தானே, நல்லா இருக்கீங்களா என்று கேட்டுவிட்டுப் போனார். இதெல்லாம் இவ்வளவு சுலபமா, இத்தனை நாள் இவர்கள் எல்லோரும் இப்படித்தான் ஒருவருக்கொருவர் இருந்தார்களா என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். பக்கத்திலிருந்த அம்மாள் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தாள், அதற்கும் சேர்த்து அழுதாள்.

அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். இசக்கி அப்படியே எடுத்துவிட்டாள். அம்மா திரையை உற்றுப் பார்த்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, மரியாதையாகப் பேசினாள்.

"யாரும்மா நீங்க? எம்புள்ள இசக்கி போனுல்லா இது? அவகிட்ட கொஞ்சம் குடுங்கம்மா."

"எம்மா, நாந்தான்" என்றாள் இசக்கி.

"குரலு அவ மாதிரியே இருக்கு தாயி. விளையாடாதிய, அவளுக்கு மேலுக்குச் சொகமில்லையா? அவகிட்டக் குடுங்க" என்று அம்மா பதறினாள். இசக்கி போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். "குளிச்சிட்டு இருக்கா, வந்ததும் பேசச் சொல்லுதேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். விடுதிக்கு வந்து முகத்தைக் கழற்றி அலசிக் காயப்போட்டுவிட்டு, அம்மாவைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினாள், அம்மா அந்தக் கூட்டாளிப் பெண் ரொம்ப லட்சணம் என்று நாலு தடவை சொன்னாள்.

இருந்தாலும் நோட்டில் பெயர் எழுதினாள். அழுதாலும் பிள்ளையை அவள்தான் பெற வேண்டும், பன்னிரண்டாவது தடவையும் சிரிக்கிறாள் என்று எழுதிவிட்டால், அடுத்த வருஷம் என்று ஒன்று அவளுக்கு இல்லை.

ஆவணி நாலாம் தேதி வெளிர்நீலச் சுடிதாரும் கறுப்புச் செருப்பும் தோல் ஃபைலும் முகமுமாக அவள் கம்பெனி வாசலில் இறங்கியபோது காவலாளி எழுந்து நின்றார். போன தடவை அவர் உட்கார்ந்தபடியே ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டவர். காக்க வைக்காமல் உள்ளே கூப்பிட்டார்கள். சீதாபதி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"அடடே, வாங்க வாங்க! சௌடேஸ்வரிதானே?"

நாலு ஆர்டர் வாங்கினாளே புண்ணியவதி, அதில் ஒன்று இங்கேதானா?

"ரிசப்ஷனுக்கு ஆர்டர் குடுத்தோம், சேராமலே போயிட்டீங்க. அந்த சீட்டு இன்னும் காலியாத்தான் இருக்கு. வேற யாரையும் போட மனசு வரல" என்றார் சீதாபதி, வீட்டு மனிதரிடம் குறைப்படுகிற மாதிரி.

"சார், நான் இசக்கிச்செல்வி. டெஸ்டிங் டிரெய்னிங்குக்கு வந்திருக்கேன்."

சீதாபதி ஃபைலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி ஃபைலைப் பார்த்தார். போன மாதம் ஒரு பெயர், இந்த மாதம் ஒரு பெயர். வேறு யாராவது இப்படி வந்து நின்றிருந்தால் காவலாளியைக் கூப்பிட்டிருப்பார், போலீசுக்குப் போன் போடுகிறேன் என்றிருப்பார். ஆனால் இந்த முகத்தைப் பார்த்து அவருக்குக் கோபம் வரவில்லை, பரிதாபம்தான் வந்தது.

"சரி, வீட்ல ஏதோ பிரச்சினை போல. நான் ஒண்ணும் கேக்கல" என்றார் குரலைத் தாழ்த்தி. "டெஸ்டிங் எல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா? கிரீஸு, கறை, சத்தம். நீங்க ரிசப்ஷன்ல உக்காருங்க. சம்பளமும் ரெண்டாயிரம் கூட. எங்க ரெக்கார்டுல சௌடேஸ்வரின்னு இருக்கு, அந்தப் பேருலயே இருந்துட்டுப் போகட்டும். இன்னைக்கே கையெழுத்துப் போடலாம். என்ன சொல்றீங்க?"

தலையை ஆட்டினால் போதும். ஆட்டினால் இன்றைக்கே வேலை, ஏசி ரூம், மூன்று வருஷத்து அலைச்சல் இந்த நிமிஷத்தோடு தீர்ந்தது. ஆட்டியும் இருப்பாள், கழுத்து அந்தப் பக்கம் சாய்ந்தும்விட்டது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே டெஸ்டிங் கொட்டகையில் வரிசையாக மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன, அந்தச் சத்தம் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது, அதில் ஏதோ ஒன்று கொஞ்சம் பிசகி ஓடுகிறது என்று அவள் காது அவளைக் கேட்காமலே கண்டுபிடித்துவிட்டது. இனிமேல் தினம் இந்தச் சத்தத்தை ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்க வேண்டும், அதுவும் சௌடேஸ்வரியாக. அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் வராத கோபம் எல்லாம் சேர்த்து வைத்திருந்த மாதிரி வந்தது. முகத்தை இரவல் வாங்கலாம், பேரையுமா?

இரண்டு கையாலும் தாடையோரத்தில் பிடித்து முகத்தைக் கழற்றி, மடித்து, ஃபைலின் மேல் வைத்தாள்.

"இது எங்க ஹாஸ்டல் முகம் சார். எல்லாரும் மாத்தி மாத்திப் போட்டுக்கிடுவோம். சௌடேஸ்வரியும் போட்டுட்டு வந்தா. நான் இதுதான்."

சீதாபதி மடித்துவைத்த முகத்தை எட்டிப் பார்த்தார். முப்பது வருஷமாக ஆள் எடுக்கிறவர், போலிச் சான்றிதழ் பார்த்திருக்கிறார், அண்ணனுக்குப் பதில் தம்பி வந்து பார்த்திருக்கிறார், அதனால் இது அவரைப் பெரிதாக அசைக்கவில்லை. அவரை அசைத்தது வேறு.

"நீ முன்னாடி ஒருவாட்டி வந்து சிரிச்ச பொண்ணுல்ல? இப்பவும் பாரு, என்ன சிரிப்பு?"

"சிரிக்கல சார். பல்லு அப்படி. அன்னைக்கும் சிரிக்கல" என்றாள் இசக்கி. "இப்ப எனக்குக் கோவம்தான் வருது. கோவம் வந்தாலும் இப்படித்தான் இருக்கும். எங்க அம்மாகிட்ட வேணும்னா கேட்டுப் பாருங்க."

சீதாபதி பேனாவை எடுத்துவிட்டார். முதல் வார்த்தையை எழுதியும்விட்டார், அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு டெஸ்டிங் ஃபோர்மேன் ஆறுச்சாமி, பனியன் துணியில் கையைத் துடைத்தபடி வந்து நின்றார்.

"ஏனுங்க சார், எனக்கு ஆளு வந்திருக்குதுன்னாங்க. இந்தப் புள்ளயா?"

"இவங்க வேற முகத்துல வந்திருக்காங்க ஆறுச்சாமி. விசாரிச்சுட்டு இருக்கேன்."

"அது கெடக்குது போங்க. நம்ம மோட்டாரு மூஞ்சியப் பாத்தா ஓடுது?" என்றார் ஆறுச்சாமி. "நீ வா அம்மிணி."

கொட்டகையில் சத்தம் காதைப் பிளந்தது. மேடையில் மூன்று மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன, மூன்றாவது நேற்றே சோதித்து, பச்சைச் சீட்டு ஒட்டி, லாரிக்குப் போக வேண்டியது. எதில் என்ன கோளாறு, சொல் என்றார் ஆறுச்சாமி. சீதாபதியும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். இசக்கி சுற்றிலும் பார்த்து, ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அதன் நுனியை மோட்டாரின் பேரிங் இருக்கிற இடத்தில் வைத்து, பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு காதையும் பொத்திக் கண்ணை மூடினாள். சீதாபதி முகத்தைச் சுளித்தார். ஆறுச்சாமி சுளிக்கவில்லை. சுற்றுச் சத்தத்தில் காது கேட்காத இடத்தில், பல் வழியாக மண்டைக்குள் சத்தத்தை வாங்குவது பழைய மெக்கானிக்குகள் செய்கிற வேலை, இவளுக்கு அது ஐந்தாம் வகுப்பு லீவில் அப்பா கடையில் தானாக வந்த பழக்கம். முதல் மோட்டார் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடியது. இரண்டாவதில் கரகரப்பு. மூன்றாவதில் நெடுநேரம் குனிந்திருந்தாள்.

"ரெண்டாவதுல முன்பக்க பேரிங் போயிட்டு" என்றாள் நிமிர்ந்து. ஆறுச்சாமி தலையாட்டினார், அது அவரே மாட்டி வைத்த கெட்ட பேரிங். "மூணாவதுலயும் இருக்கு."

"மூணாவது நல்ல மோட்டாரும்மா, சீட்டு ஒட்டியிருக்கு பாரு" என்றார் சீதாபதி.

"இருக்கு சார். பின்பக்கம், ஃபேன் பக்கத்து பேரிங். சுத்துற குண்டுல ஒண்ணு மத்ததோட சேராம ஓடுது. இன்னும் ஒரு மாசம் தாங்கும்."

சீதாபதி கடிகாரத்தைப் பார்த்தார். ஆறுச்சாமி சுவிட்சை அணைத்து, ஸ்பேனரை எடுத்து, ஃபேன் மூடியைக் கழற்ற உட்கார்ந்தார். அந்த இருபது நிமிஷம் இருக்கிறதே, பதினோரு இண்டர்வியூவையும் வரிசையாக நிற்க வைத்தாலும் அத்தனை நீளம் வராது. நான் தப்பாகச் சொல்லிவிட்டேனோ, கோபத்தில் காதும் கெட்டுவிட்டதோ, ரிசப்ஷனும் போச்சு இதுவும் போச்சு என்று ஸ்பேனர் திரும்புகிற ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொண்டாள். பேரிங்கை உருவி எடுத்து, மண்ணெண்ணெயில் அலசி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார் ஆறுச்சாமி. நன்றாகத்தான் இருந்தது. பளபளவென்று புதுசாக இருந்தது. இசக்கி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அட, இங்க பாருங்க சார்" என்றார் ஆறுச்சாமி.

குண்டுகளைப் பிடித்துவைத்திருக்கிற வளையத்தில், நகத்தை வைத்தால் மட்டும் தட்டுப்படுகிற மாதிரி, மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். அவருடைய நகத்துக்கும் தட்டியது, சீதாபதியின் நகத்துக்கும் தட்டியது. அந்த பேரிங் வந்த பெட்டியிலிருந்து எடுத்து மாட்டி இதுவரை முப்பத்தாறு மோட்டாருக்குப் பச்சைச் சீட்டு ஒட்டியாயிற்று. ஆறுச்சாமி எழுந்து ஓடிப்போய் லாரியை நிறுத்தச் சொல்லிவிட்டு, மூச்சு வாங்க வந்தார்.

"நல்லவேளை அம்மிணி, மானம் தப்பிச்சுது. நீ எப்ப வேலைக்கு வர்றே?"

அப்பாடா! இசக்கி நின்ற இடத்திலேயே சிமெண்டுத் தரையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள், விடுதியின் வெளிர்நீலச் சுடிதார் முழுக்கக் கிரீஸ். மூன்று வருஷமாக ஒரு கையால் பிடித்துத் தூக்கிக்கொண்டே நடந்த எதையோ கீழே வைத்த மாதிரி தோள் இரண்டும் இறங்கின. சீதாபதி மேஜைக்குப் போய், எழுதத் தொடங்கியிருந்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தார். அவர் என்ன எழுதினார் என்று அவள் தலைகீழாகப் படிக்கப் போகவில்லை.

அன்றைக்கு ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே முகத்தைக் கடலைமாவில் அலசி நிழலில் போட்டுவிட்டாள். சுடிதாரைப் பார்த்த மயிலாத்தாள், "இதென்ன கண்ணு இந்தக் கோலம்!" என்று தலையில் கைவைத்தார், விஷயத்தைக் கேட்டதும் அதே கையால் அவளுக்குத் திருஷ்டி கழித்து நெட்டி முறித்தார். ஊருக்குப் போன் போட்டபோது அம்மா அழுதாள், பின்னாலிருந்து அப்பா, "எந்தப் பக்க பேரிங்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள் மயிலாத்தாள் ஸ்கேலை வைத்து நோட்டில் எந்தக் கம்பெனி என்று புதிதாக ஒரு கட்டம் கிழித்தார். பம்பு கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. இண்டர்வியூவுக்கு வருபவர்கள் அசல் சான்றிதழ்களையும் அசல் முகத்தையும் தவறாமல் கொண்டுவரவும் என்று கேட்டில் போர்டு எழுதி மாட்டியது. அந்தப் போர்டைப் பார்த்து நாலு பேர் வழியிலேயே திரும்பிப் போனதாகவும், அதில் இரண்டு பேர் ஆண்கள் என்றும் காவலாளி சொல்கிறார். விடுதியில் முகம் இன்னும் ஆணியில்தான் இருக்கிறது, கேட்டு எடுத்துப் போகிறவர்கள் எடுத்துப் போகிறார்கள். யார் மேலும் தப்புச் சொல்ல முடியாது, அவரவர் பாடு அவரவருக்கு.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு இசக்கிச்செல்வி வேலைக்குச் சேர்ந்தாள். டைம் ஆபீஸில் கார்டுக்குப் படம் எடுக்கிற கிளார்க் அவளைச் சுவரோரமாக நிற்க வைத்து, போனைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்து, பிறகு போனைக் கொஞ்சம் இறக்கினார்.

"மேடம், வாயக் கொஞ்சம் மூடிக்கிறீங்களா?"

"மூடாதுண்ணே" என்றாள் இசக்கி. "இப்படியே எடுங்க."

அவர் எடுத்தார். ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது.